கள்ளனுக்குக் கட்டிய வேப்பிலை

அருட்பிரகாசம் என்கிற மனிதனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் தொடங்குகிறேன். நல்லதும் இருக்கிறது, சொல்லுவேன். ஆனால் இடையில் எனக்குக் கோபம் வரும். வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதனுக்கு நோயென்று நம்பி, இல்லாத நோய்க்கு என் வளவுத் தென்னையை மொட்டையடித்தவள் நான்.

பேசாலைக்கும் மன்னார் டவுனுக்கும் இடையில், கடற்கரைக்கு இறங்குகிற குறுகிய ஒழுங்கை ஒன்றில் எங்கள் இரண்டு வீடும் எதிரெதிரே இருக்கின்றன. என் வீட்டு முன்பக்கத்தில் சின்னக் கடை. பிறின்சியின் கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். எதிர்வீட்டில் அவரும் மனைவி பிரான்சிஸ்காவும் மட்டும்தான். ஒரே மகன் றெனால்ட் பிரான்ஸில் இருக்கிறான். எனக்கு அவர் பிரகாசண்ணை, அவருடைய மனைவி பிரான்சிஸ்காக்கா.

ஆள் நல்ல பருமன், குரல் அதைவிடப் பருமன். சண்டை முடிந்து பாதை திறந்த நாளிலிருந்து கொழும்புக்கு ஆள் ஏற்றி ஓடியவர். உயரக் கூரை வைத்த டொல்பின் வான். அந்த ஓட்டத்தில் உழைத்துத்தான் வீடு கட்டினார், மகனை அனுப்பினார். ஆனால் அவருக்குப் பெருமை கொழும்பு ஓட்டத்தில் இல்லை, ஆஸ்பத்திரி ஓட்டத்தில்தான். ஒழுங்கையில் யாருக்கு என்ன வந்தாலும், பாம்பு கடித்தாலும், பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தாலும், அவருடைய வாசலில் போய் ஒரு சத்தம் வைத்தால் போதும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வான் திறப்போடு வருவார். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளில் பாதிப் பேர் பிறக்கும் முன்னமே அவருடைய வானில் ஒரு தடவை போனவர்கள்தான். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியது கிடையாது. அதைப் பெருநாளுக்குப் பெருநாள் எல்லோருக்கும் சொல்லியும் காட்டுவார். "ஆஸ்பத்திரிக்கு எண்டு வந்தா நான் டீசல் கதைக்கிறேல்லை" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் பொய்யில்லை. அந்தப் பெருமைக்கு அவருக்கு முழு உரிமையும் இருந்தது.

பிறகு முழங்கால் அடித்துப்போட்டது. நெடுந்தூரம் ஓட ஏலாமல் வானை வாசலில் நிறுத்தினார். அப்போதுதான் றெனால்ட் ஒரு யோசனை சொன்னான். சோளகக் காற்றுக்குப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வெள்ளைக்காரர் வருகிறார்களே, அவர்களுக்கு அறை வேண்டாம், படுத்தெழும்பிப் போகிற மாதிரி ஒரு வண்டி இருந்தால் போதும் என்றான். சீற்றெல்லாம் கழற்றி, உள்ளே கட்டில் அடித்து, சின்ன அலுமாரி, காஸ் அடுப்பு, கைகழுவத் தொட்டி எல்லாம் வைத்தார்கள். யன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுத்தது நான். பொடியள் அதற்குப் படுக்கை வான் என்று பேர் வைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் இரண்டு இரண்டு பேராக எடுத்துக்கொண்டு அரிப்புக் கடற்கரைக்கும் மறிச்சுக்கட்டிக் காட்டோரத்துக்கும் போய்வருவார்கள். ஆளில்லாத நாட்களில் அது அவருடைய வளவுக்குள்ளே வேப்பமரத்தின் கீழ் நிற்கும். முன்னுக்கு மதில் இல்லை. கம்பி வேலியும், தள்ளினால் திறக்கிற கேற்றும்தான்.

இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு இருந்தவள் பிரேமினி. உயிலங்குளத்துப் பிள்ளை, வயல்காரக் குடும்பம். புருசன் கோகுலன் காற்றாலையில் வேலை, ஷிப்ட் மாறி மாறிப் போவான். அவளைப் போல ஒரு கூச்சக்காரியை நான் கண்டதில்லை. கடைக்கு வந்தால் சோப் வேண்டும் என்பதைக்கூடக் காதுக்குள்தான் சொல்லுவாள். ஆம்பிளை ஒருவர் நின்றால் ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போய்விடுவாள். கலியாணம் கட்டிக் கனகாலம் பிள்ளை தங்கவில்லை. உண்டாகும், அழிந்துபோகும். கடைசியில் ஒன்று தங்கிவிட்டது. அலையக் கூடாது என்று மிட்வைஃப் மிஸ் கண்டிப்பாகச் சொன்னதால், அவள் தாய்வீட்டுக்குப் போகாமல் தாய் இராசேஸ்வரி இங்கே வந்து நின்றார்.

பிரேமினிக்கு ஒரு பயம் இருந்தது. சாவைப் பற்றியது இல்லை. அவளுடைய ஊரில் ஒரு பெண்ணுக்கு உழவு மெசின் பெட்டியில், வயல் வரம்பில், ஊரெல்லாம் பார்த்திருக்கப் பிள்ளை பிறந்ததாம். அந்தப் பெண்ணின் மகள் பெரியவளான பிறகும் அந்தக் கதையைச் சனம் விடவில்லையாம். எனக்கு இதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. ஒருநாள் என் கடை வாசலில் நின்று, தன் கூச்சத்தையெல்லாம் விழுங்கி, பிரகாசண்ணையிடம் அவளே கேட்டாள்.

"அண்ணை, நேரம் வந்தா... உங்கட வான்ல..."

"இதென்ன பிள்ளை கேள்வி? கட்டில் கிடக்கு, திரை கிடக்கு. ராசாத்தி மாதிரிப் படுத்துக்கொண்டு போகலாம். வாசல்ல வந்து ஒரு சத்தம் வையுங்கோ, காணும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டேன். அண்ணையும் அன்று முழுக்க ஒரு சுற்றுப் பெருத்தவர் போல நடந்தார்.

பிறகு களவு தொடங்கியது.

முதலில் வானுக்குள்ளிருந்த காஸ் சிலிண்டர். அடுத்தது பற்றரி. அதற்குப் பிறகு வெள்ளைக்காரர் கடற்கரையில் விரித்துப் போட்டு இருக்கிற மடக்குக் கதிரைகள். யார் என்று இன்றுவரைக்கும் பிடிபடவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார். அவர்கள் வந்து பார்த்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். றெனால்ட் போனில் கத்தினான், கமரா பூட்டு, சைரன் பூட்டு என்று. "கமரா பூட்டினா அதையும் சேர்த்துக் கொண்டுபோவான், போடா" என்று இவர் திருப்பிக் கத்தினார். செலவில்லாமல் கள்ளனை விரட்டிக் காட்டுகிறேன் என்று அவருக்கு ஒரு வீறாப்பு.

ஐயோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! யாரோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன சப்பாத்து, ஒவ்வொன்றும் வள்ளம் மாதிரி. உள்ளே பெரிய ஆள் படுத்திருக்கிறான் என்று கள்ளன் நினைக்கட்டும் என்று அதை வான் வாசலில் கழற்றி வைத்தாற்போல் வைத்தார். சப்பாத்தும் போய்விட்டது. பிறகு நாய்ச் சங்கிலியும் சோற்றுக் கோப்பையும் வைத்தார், நாய் இல்லாமல். "குரைக்கிறது ஆர், நீங்களோ?" என்று பிரான்சிஸ்காக்கா கேட்டார். கதவு திறக்க ஏலாதபடி வானைச் சுவரோடு ஒட்டி நிறுத்திப் பார்த்தார். அடுத்தநாள் தானே உள்ளே போக வழியில்லாமல் பின்கண்ணாடியால் தவழ்ந்தார். அதற்கும் பிறகு மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பை வானைச் சுற்றி இழுத்துக் கட்டி, பால்மா ரின்களைத் தொங்கவிட்டார். கால் பட்டால் கலகலவென்று சத்தம் போடுமாம். சத்தம் போட்டதுதான். விடியற்பூசைக்குப் புறப்பட்ட பிரான்சிஸ்காக்கா அதில் இடறிக் குப்புற விழுந்த சத்தத்துக்கு ஒழுங்கையே எழும்பியது. "கோதாரி விழுந்த மனிசன், என்னைத்தான் கள்ளி எண்டு பிடிச்சிருக்குது!" என்று அவர் ஏசியதை நான் யன்னலால் கேட்டு வயிறு நோகச் சிரித்தேன். சிரித்த வாய்தான் இது.

ஒருநாள் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் ஒரு அலுவலாய்ப் போனவர், வரும்வழியில் ஒரு வீட்டைக் கண்டிருக்கிறார். முற்றத்தில் தண்ணீர் மோட்டர், சைக்கிள், நெல்லு மூட்டை எல்லாம் திறந்தபடி கிடக்கிறது. மனித நடமாட்டமே இல்லை. கேற்றில் வேப்பிலைக் கொத்து. அம்மாள் வருத்தம், கொப்புளிப்பான் என்கிற அம்மை நோய் வந்த வீடு. எங்கள் பக்கத்தில் மாதா கோயிலுக்குப் போகிற எங்களைப் போன்ற வேதக்காரர் என்ன, சைவக்காரர் என்ன, அந்த நோய்க்கு எல்லோரும் வாசலில் வேப்பிலை கட்டுவோம். கட்டிவிட்டால் யாரும் அந்தப் படலையைத் தாண்ட மாட்டார்கள். பயத்துக்குப் பயம், மரியாதைக்கு மரியாதை.

வீட்டுக்கு வந்த கையோடு தன் மரத்திலேயே இரண்டு கொத்து முறித்தார். ஒன்றைக் கேற்றில் கட்டினார். மற்றதை வானின் பக்கக் கண்ணாடியில் கட்டினார்.

பிரான்சிஸ்காக்கா துள்ளிக் குதித்தாராம். இதை எனக்குப் பின்னாளில் அவரே சொன்னார்.

"இல்லாத வருத்தத்துக்கு வேப்பிலையோ? ஆருக்கு வந்தது எண்டு சனம் கேட்டா என்னத்தைச் சொல்லுறது?"

"எனக்கு எண்டு சொல்லும்."

"பிரேமினி பிள்ளைக்கு நாள் கிட்டுது, மறந்துபோனியளோ?"

"அவளுக்கு இன்னும் கிடக்கு. அடுத்த வெள்ளைக்காரர் வரமுந்திக் கழட்டிப்போடுவன். சும்மா இரும்."

அக்காவும் சும்மா இருந்துவிட்டார். அந்தச் சும்மா இருந்ததை நினைத்து அவர் இப்போதும் மூக்கைச் சிந்துகிறார்.

நான் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? வேப்பிலையைப் பொய்க்குக் கட்டுகிற மனிதப் பிறவி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இளநீர் சீவிக் கொண்டுபோய் வேலிக்கு மேலால் வைத்துவிட்டு, "அண்ணைக்கு எப்படி அக்கா?" என்று கேட்பேன். "பரவாயில்லை, பிறின்சி" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு அக்கா உள்ளே போவார். புருசனுக்கு வருத்தம், பாவம் மனிசி நொந்துபோய்விட்டா என்று எனக்கு இரக்கம். உள்ளே இவர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு என் இளநீரைக் குடித்திருக்கிறார்! மிட்வைஃப் மிஸ் சைக்கிளை மிதித்து வந்து பிரேமினியிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். "பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்த வருத்தம் கூடாது. அந்த வீட்டுப் பக்கம் நீரும் போகக்கூடாது, அம்மாவும் போகக்கூடாது. வானைப் பற்றி நினைக்கவே வேண்டாம்." பிரேமினி என்னிடம் வந்து, "அக்கா, பாவம் அண்ணை, கடுமையோ?" என்றுதான் கேட்டாள். தனக்கு வான் இல்லாமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கள்ளன் வரவில்லை. ஒரு ஆணிகூடக் களவு போகவில்லை. செலவில்லாமல் விரட்டிவிட்டேன் என்று மனிதன் உள்ளுக்குள் பூரித்துப்போனார். வெள்ளைக்காரரும் சொன்ன நாளைத் தள்ளிப்போட, வேப்பிலை வாட வாடப் புதிதாக மாற்றிக் கட்டினார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காலைப் பூசைக்கு நாங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டோம். ஒழுங்கையில் ஒரு குஞ்சு இல்லை. பிரான்சிஸ்காக்கா போகவில்லை. நோய் வீட்டு ஆள் கோயிலுக்கு எப்படி வருவது? அடுக்களையில் இருந்து கோயில் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருந்தார். மன்றாட்டு நேரத்தில் பாதர், "நோயுற்றிருக்கும் எமது சகோதரர் அருட்பிரகாசத்துக்காக மன்றாடுவோம்" என்றார். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம். எவ்வளவு உருக்கமாக நான் சொன்னேன் தெரியுமா! அந்தக் குரல் காற்றில் வீடுவரை வந்தபோது அக்கா காதைப் பொத்திக்கொண்டாராம்.

அந்த நேரத்தில்தான் பிரேமினிக்கு வலி எடுத்தது. நாளுக்கு முந்தி. கோகுலன் ஷிப்டில், உயரத்தில் நிற்பவன் போன் எடுக்கவில்லை. அம்புலன்சுக்கு அடித்தார்கள். அது வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போயிருந்தது, வரச் சுணங்கும் என்றார்கள். ஒழுங்கையில் கதவு தட்ட ஒரு ஆளில்லை. இராசேஸ்வரி அம்மா வெறுங்காலோடு ஓடிவந்து பிரகாசண்ணையின் கேற்றடியில் நின்றார்.

வான் நிற்கிறது. திறப்பு உள்ளே ஆணியில் தொங்குகிறது. மனிதன் அறையில் யன்னல் சீலைக்குப் பின்னால் நிற்கிறார். கண்டார். கண்டதைப் பின்னாளில் அவரே சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த அம்மா கையைக் கேற்றில் வைக்கப் போய், வேப்பிலையைக் கண்டு இழுத்துக்கொண்டார். வாயைத் திறந்தார், சத்தம் போடவில்லை. அம்மாள் இருக்கிற வாசலில் கத்தக்கூடாது என்று நினைத்திருப்பார். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, வேப்பிலையைக் கும்பிட்டு, ஏதோ முணுமுணுத்தார். பிறகு திரும்பி றோட்டுப் பக்கம் ஓடினார்.

"சுகம் விசாரிக்க வந்து, பயந்து போகுது எண்டு நினைச்சன்" என்றார் என்னிடம்.

"வெறுங்காலோட ஓடிவந்து சுகம் விசாரிக்கிறவையோ?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னார். ஏதோ அவசரம் என்று நெஞ்சு சொன்னதாம். ஆனால் வெளியே போனால் உடம்பில் ஒரு கொப்புளம் இல்லாமல் நிற்க வேண்டும். மானம் போய்விடும். அந்த அம்மா திரும்பிப் போனதும், அப்பாடா என்று இருந்ததாம். அந்த 'அப்பாடா'வைத்தான் அவரால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

றோட்டில் நஸாரின் ஓட்டோ கிடைத்தது. நஸார் நல்ல பிள்ளை, ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றினான். பாதி வழியில், இன்னொரு ஊர்க் கோயிலடியில் பிள்ளை வந்துவிட்டது. அங்கேயும் பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம். உடுத்திப்படுத்தி வந்த ஆம்பிளை பொம்பிளை எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். சில பெண்கள் சேலைத் தலைப்பைப் பிடித்து மறைத்தார்கள், மறைக்கிற அளவுக்கு மறைத்தார்கள். யாரோ ஒரு வீணாய்ப்போனவன் போனை உயர்த்திப் பிடித்ததாகவும் கேள்வி. பெண்பிள்ளை. அழவில்லை. காலில் தட்டி, முதுகில் தடவி, நீலம் பாரித்த அந்தப் பிள்ளையையும் தாயையும் அப்படியே மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான் நஸார்.

வானில் போயிருந்தால் வழியில் பிறந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அது கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் பிறந்திருந்தாலும் கட்டிலில், திரைக்குள்ளே பிறந்திருக்கும்.

நஸார் திரும்பி வந்து ஒழுங்கை முகப்பில் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் கோயிலால் வந்தோம். நடந்ததெல்லாம் அவன் வாயால்தான் கேட்டோம். யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எதிர்வீட்டுக் கேற்றுக்கு வெளியே நின்று கத்தினேன்.

"அண்ணை! பிரேமினிக்கு றோட்டிலயே பிள்ளை பிறந்திட்டுதாம்! இராசேஸ்வரி அம்மா உங்கட வாசல்வரைக்கும் வந்திட்டு, அம்மாள் எண்டு திரும்பிப் போனவவாம்!"

கதவு திறந்தது. மனிதன் மேல்சட்டை இல்லாமல் வெயிலுக்குள் வந்து நின்றார். நெஞ்சில், முதுகில், கன்னத்தில் ஒரு புள்ளி இல்லை. வாழைத்தண்டு மாதிரி உடம்பு. கண்டும் எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியபோது, சும்மா சொல்லக்கூடாது, எனக்குத்தான் வெட்கம் வந்தது. பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்ட மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பிள்ளை உயிரோடயோ?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். "அழேல்லையாம்."

அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அக்காதான் வந்து வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தார். நான் ஏசினேன். என்னவெல்லாம் ஏசினேன் என்று எழுத முடியாது, எழுதினால் பாதர் என்னைக் கோயிலுக்குள் விடமாட்டார். கடைசியாக, "நீங்களே போய் அவையளிட்டச் சொல்லுங்கோ. நான் சொன்னா நல்லாயிராது" என்றேன். தலையை ஆட்டினார்.

சொல்லத்தான் போனார். ஒவ்வொரு நாளும் வானை எடுத்துக்கொண்டு மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போவார். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. இவர் ஆஸ்பத்திரிக் கேற்றுக்கு எதிரே வானை நிறுத்தி, ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டுத் திரும்பி வருவார். "சொன்னனீங்களோ?" என்று கேட்பேன். "நாளைக்கு" என்பார். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "பாருங்கோ மனிசனை, வருத்தத்தால எழும்பின கையோட ஆஸ்பத்திரிக்கு ஓடுறார். நல்ல மனம்" என்றது. எனக்கு முன்னாலேயே சொன்னார்கள். நான் பருப்பை நிறுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை தப்பிவிட்டது. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரைக்கும் சைவக்காரர் வெளியே இறங்கமாட்டார்கள்தானே. அதுவும் இவருக்கு ஒரு சாட்டாகிவிட்டது. "துடக்குக் கழியட்டும், போய்ச் சொல்லுறன்" என்றார். நான் பல்லைக் கடித்தேன்.

அவர் போகவில்லை. அவர்கள் வந்தார்கள்.

துடக்குக் கழிந்த அடுத்தநாள் காலை. கடையில் இருந்து பார்க்கிறேன், இராசேஸ்வரி அம்மா குளித்து ஈரத்தலையோடு தட்டம் ஏந்தி வருகிறார். தட்டத்தில் மஞ்சள், பழம், வெற்றிலை. பின்னால் கோகுலன் பொங்கல் பானையோடு. அவனுக்குப் பின்னால் பிரேமினி, துணியில் சுற்றிய பிள்ளையோடு. என் கடைவரைக்கும் வராமல், நேரே பிரகாசண்ணையின் கேற்றடிக்குப் போனார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அந்த அம்மா கேற்றுத் தூணடியில் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுக் கும்பிட்டார். பிரகாசண்ணை விறாந்தையிலிருந்து ஓடிவந்தார்.

"ஐயோ அம்மா, என்ன இது? வேண்டாம்!"

"குறை நினையாதேங்கோ, தம்பி" என்றார் இராசேஸ்வரி அம்மா. "நீங்கள் வருத்தமாக் கிடக்கேக்க எட்டியும் பாக்கேல்லை. ஒரு இளநிகூடத் தரேல்லை. பிள்ளைத்தாய்ச்சி வீடு எண்டு ஒதுங்கி நிண்டிட்டம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மன்னிப்புக் கேட்டது யார் என்று பாருங்கள்.

"அண்டைக்கு இந்த வாசல்ல நிண்டுதான் அம்மாளிட்டக் கேட்டனான். தாயே, இந்த வீட்டை இறங்கியிருக்கிறாய், என்ர பிள்ளையையும் பார், குழந்தையைத் தந்தா முதல் முதல் உன்ர வாசலுக்குத்தான் கொண்டருவன் எண்டு. தந்திட்டா. கோயிலுக்குக்கூட இன்னும் போகேல்லை. பிரேமினி, பிள்ளையை அண்ணையிட்டக் குடு."

பிரேமினி சிரித்துக்கொண்டு பிள்ளையை நீட்டினாள். வேறு வழியில்லாமல் அவர் வாங்கினார். அந்தப் பருத்த கையில் ஒரு உள்ளங்கை அகலம்தான் பிள்ளை. மனிதனுக்கு வாய் கோணியது. நான் நினைத்தேன், இன்றைக்கும் விழுங்கிவிடுவார், கும்பிட்டுப் பொங்கலை வாங்கிவிடுவார் என்று. கடவுளே, வாயைத் திறந்தார்.

"அம்மா, இஞ்ச அம்மாள் வரேல்லை."

"என்ன தம்பி?"

"எனக்கு ஒரு வருத்தமும் வரேல்லை. வானில களவு போகுது எண்டு, கள்ளன் வராமல் இருக்கத்தான் வேப்பிலை கட்டினனான்."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. இராசேஸ்வரி அம்மா அதைப் பார்த்தபடி நின்றார். அணைக்கவும் ஏலாது, கும்பிடவும் ஏலாது.

பிரேமினிதான் கேட்டாள். காதுக்குள் பேசுகிற பிள்ளை, ஒழுங்கைக்கே கேட்கும்படி கேட்டாள்.

"அண்டைக்கு நீங்கள் வீட்டிலயோ நிண்டனீங்கள்?"

"ஓம்."

"அம்மா வாசல்ல நிண்டதைக் கண்டனீங்களோ?"

பொய் சொல்லியிருக்கலாம். நித்திரை என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? அந்த ஒன்றுக்காகத்தான் இந்த மனிதனை நான் இன்னும் அண்ணை என்று கூப்பிடுகிறேன்.

"ஓம் பிள்ளை. கண்டனான்."

அவள் ஒரு எட்டுக் கிட்ட வந்தாள்.

"றோட்டில எத்தினை பேர் நிண்டு பாத்தவை தெரியுமே, அண்ணை?"

அவ்வளவுதான் கேட்டாள். ஒரு ஏச்சு இல்லை, ஒரு சாபம் இல்லை. கையை நீட்டிப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். அவர் கையை மடக்கவில்லை. பிள்ளை போன பிறகும் ஏந்தினபடியே நின்றார். "வெயில் ஏறுது. நாங்கள் வாறம்" என்று எங்களுக்கெல்லாம் பொதுவாகச் சொல்லிவிட்டு அவள் நடந்தாள். கோகுலன் பானையைக் கேற்றடியில் வைத்துவிட்டுப் பின்னால் போனான். அம்மாளுக்கு நேர்ந்துவைத்ததைத் திருப்பிக் கொண்டுபோகிற வழக்கம் இல்லையல்லவா. இராசேஸ்வரி அம்மா மட்டும் கற்பூரம் எரிந்து முடியும்வரைக்கும் நின்றுவிட்டுப் போனார்.

அந்தப் பொங்கலை என்ன செய்வது என்று பிரான்சிஸ்காக்கா என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் பானைக்குப் பக்கத்தில் நின்று அழுதோம்.

பிள்ளையின் முதல் கிளினிக் நாளில், விடிய எழும்பி வானைக் கழுவி, கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்து, அவர்களுடைய வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார் பிரகாசண்ணை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பிரேமினி பிள்ளையோடு வெளியே வந்தாள்.

"ஏறுங்கோ பிள்ளை. குழந்தைக்கு வெயில்."

"இல்லை அண்ணை. நஸார் நானா வாறார்."

மரியாதையாகத்தான் சொன்னாள். வான் நிழல் அவள் காலடியில் விழுந்தது. இரண்டு எட்டு விலகி வெயிலில் நின்றாள், பிள்ளையின் முகத்தைத் தன் சால்வையால் மூடிக்கொண்டு. நஸார் வரச் சுணங்கினான். கதவை மூடவும் தெரியாமல், வானை எடுக்கவும் தெரியாமல் அந்தப் பெரிய மனிதன் நின்ற நிலையை நான் கடையிலிருந்து பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

அடுத்த கிளினிக் நாளுக்கும் வானைக் கழுவினார். ஆனால் அவர்கள் இந்தப் பக்கம் வரவே இல்லை. கோகுலன் பின்வளவு வேலியில் ஒரு பாதை பிரித்துவிட்டிருந்தான். இப்போது அந்த வீட்டுக்காரர் எல்லோரும் அடுத்த ஒழுங்கையால்தான் போய் வருகிறார்கள். என் கடைக்கு வருவதென்றாலும் பிரேமினி றோட்டால் சுற்றி, அவருடைய வாசலைத் தாண்டாமல்தான் வருகிறாள்.